கோல் லைனில் போட்ட சுண்ணாம்பு

1. பச்சை

முதல் நாள் எனக்குக் கொடுத்த வேலை புல்லுக்குப் பச்சை அடிப்பது.

வானகரத்தில் பைபாஸுக்குப் பின்னால் ஒரு கிரவுண்டு. பக்கத்தில் நாலு பிளாக் ஃபிளாட் எழும்பிக்கொண்டிருந்தது. ஃபிளாட் கட்டுகிறவர்தான் ஓனர். ஒரு ஃபுட்பால் டீம் சேர்த்து லீக்கில் இறக்கினார். சம்பளத்துக்கு ஆடுகிற டீம். அதில் நான் கிரவுண்ட்ஸ்மேன். அதற்கு முன் அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனி கிரவுண்டில் இருபத்தாறு வருஷம் இருந்தேன். புல் வெட்டுவது, ரோலர் இழுப்பது, கோடு போடுவது. இந்த மூன்றும் தெரியும். வேறு ஒன்றும் தெரியாது.

ஓனரை நான் மொத்தமே மூன்று முறைதான் பார்த்தேன். எல்லாம் பார்த்துக்கொண்டது அவர் மச்சான். மதுரவாயல்காரர். மேனேஜரும் அவர்தான், கிளப் செக்ரெட்டரியும் அவர்தான். ஃபுட்பாலில் ஒரு பக்கம் எத்தனை பேர் ஆடுவார்கள் என்பது அவருக்குத் தெரியும். அதற்கு மேல் தெரியாது.

புல் நட்டு ஒரு மாசம்தான் ஆகியிருந்தது. வேர் பிடிக்கவில்லை. அங்கங்கே மஞ்சள். இன்னும் ரெண்டு மாசம் யாரும் காலே வைக்கக் கூடாது என்று சொன்னேன். மேனேஜர் ஒரு டிரம் பச்சை டிஸ்டெம்பரும், செடிக்கு மருந்து அடிக்கிற ஸ்பிரேயரும் இறக்கினார்.

“கேமராவுல மஞ்சளா தெரியுதுய்யா. பச்சைய அடிச்சி வுடு. கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணு.”

அடித்தேன். அந்த டீம் கடைசி வரைக்கும் அந்த ஒரு வார்த்தையில்தான் ஓடியது. பஸ் வரவில்லையா, ஷேர் ஆட்டோவில் போ, அட்ஜஸ்ட். பிஸியோ இல்லையா, ஐஸ் கட்டியை வைத்துக்கொள், அட்ஜஸ்ட். கோச் ஐந்தாவது மேட்சோடு பையை எடுத்துக்கொண்டு போய்விட்டார். ஃபிட்னஸ் டிரெயினரைக் கோச் ஆக்கினார்கள். அதுவும் அட்ஜஸ்ட்.

டீமின் பேரை நான் எழுதவில்லை. எழுதினாலும் எந்தப் பேரை எழுதுவது. முதலில் ஃபிளாட்டின் பேரையே வைத்தார்கள். தோற்றுக்கொண்டே இருந்ததும், ஃபிளாட் பேர் கெடுகிறது என்று மாற்றினார்கள். பிறகு நியூமராலஜி பார்த்து ஒரு எழுத்து கூட்டினார்கள். ஜெர்சியில் அந்த எழுத்தை மட்டும் தனியாக ஒட்டினார்கள். எழுத்து கூடியது. கோல் கூடவில்லை.

2. டில்லி

டில்லி எங்கள் கோல்கீப்பர். பட்டாபிராம்காரன். இருபத்தைந்து வயது. டீமில் வேலை தெரிந்த ஆட்கள் மூன்று நாலு பேர் இருந்தார்கள், அவர்களில் ஒருவன்.

முதல் பிராக்டிஸ் முடிந்து எழுந்தபோது முட்டி, முழங்கை, முகம் எல்லாம் அவனுக்குப் பச்சை. மறுநாள் வந்து என்னிடம் சொன்னான். “நைனா, ஊட்டுக்குப் போனா எங்கம்மா வாசல்லயே நிறுத்திடுச்சி. இன்னாடா, பந்து புடிக்கப் போனியா, பாசி குட்டைல மீன் புடிக்கப் போனியான்னு.”

மற்றவர்கள் என்னைக் கிரவுண்டு என்று கூப்பிடுவார்கள். “கிரவுண்டு, வலையக் கட்டு.” டில்லி மட்டும்தான் நைனா என்பான். வலை கட்டும்போது ஒரு பக்கம் பிடிப்பான்.

அவனுக்குக் கப் வேண்டாம். பேப்பரில் பேர் வர வேண்டாம். ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் ஓர் அரசாங்க வேலை வேண்டும். அந்த வருஷம் விட்டால் வயது தாண்டிவிடும். அதற்கு மூன்று வேண்டும். லீக்கில் ஆடியதாகக் கிளப் சர்டிஃபிகேட். டிரையல்ஸ். மெடிக்கல். சர்டிஃபிகேட்டுக்காகத்தான் இந்த டீமில் எல்லாவற்றையும் பொறுத்துக்கொண்டான்.

அவனிடம் ஒரு வழக்கம் உண்டு. விசில் அடிப்பதற்கு முன் வலது கை கிளவுஸைக் கழற்றி, குனிந்து, கோல் லைனைத் தொட்டு ரெண்டு கண்ணிலும் ஒற்றிக்கொள்வான். ஒரு மேட்ச் தப்பாது. கோட்டைத்தான் தொடுவான், புல்லை இல்லை. ஏன் என்று ஒரு முறை கேட்டேன். கீப்பருக்குக் கோடுதான் ஊடு என்றான்.

அந்தக் கோட்டைப் போடுகிறவன் நான்.

3. மூட்டை

கோடு போட எப்போதும் சாக் பவுடர் வாங்குவோம். ஒன்பதாவது மேட்ச் அன்று காலை பவுடர் இல்லை. மூன்று நாளாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். மேனேஜர் கடைக்குச் சொல்ல மறந்துவிட்டார். ஃபிளாட் சைட்டிலிருந்து ரெண்டு மூட்டை தூக்கி வரச் சொல்லி என் முன்னால் போட்டார். வெள்ளைத் தூள். மூட்டை மேல் ஒரு எழுத்து இல்லை.

புது மூட்டை எது வந்தாலும் ஒரு கை அள்ளி மக்கில் தண்ணீரோடு போட்டுப் பார்ப்பது என் பழக்கம். சாக் பவுடர் சும்மா கிடக்கும். சுண்ணாம்பு சுடும். இது மக்கைப் பிடிக்க முடியாமல் சுட்டது.

“சார், இது சுடுது. கோடு போடுற பவுடர் இல்ல. கட்டட வேலைக்கு வந்த சுண்ணாம்பு.”

“வெள்ளையா கீதா இல்லியா?”

“வெள்ளையாதான் கீது.”

“அப்பறம் இன்னா? நாலு மணிக்கு லைவ் போவணும். கோடு இல்லாம எப்டி ஆடுவானுங்க? நீ பழைய ஆளுய்யா. உனக்குத் தெரியாததா? அட்ஜஸ்ட் பண்ணு.”

பழைய ஆளு என்றதும் நான் விழுந்தேன். எனக்கு வழி தெரியும் என்று நினைத்தேன்.

டிரம்மில் கொட்டித் தண்ணீர் விட்டேன். கொதித்தது. ஆவி வந்தது. மூடி வைத்தேன். பன்னிரண்டு மணிக்கு மறுபடி மக்கில் எடுத்துக் கை விட்டுப் பார்த்தேன். சில்லென்று இருந்தது. அடங்கிவிட்டது என்று முடிவு செய்தேன்.

இருபத்தாறு வருஷம் வேலை பார்த்தவன் செய்த தப்பு இதுதான். சூடுதான் கெடுதி, சூடு போனால் கெடுதியும் போயிற்று என்று நினைத்தேன். சுண்ணாம்பு ஆறினாலும் அரிக்கும். என் விரல் இடுக்கில் தோல் வெந்து வெளுத்திருந்தது. பார்த்தேன். பார்த்தும் கணக்கில் எடுக்கவில்லை. நம் கைதானே என்று விட்டேன்.

ரெண்டு மணிக்குக் கோடு போட்டு முடித்தேன். மூன்றரைக்குக் காய்ந்து பளிச்சென்று நின்றது. மேனேஜர் பார்த்துவிட்டுக் கட்டை விரலைத் தூக்கிக் காட்டினார்.

4. ஹோஸ் பைப்

அன்று ஃபிளாட் புக் செய்தவர்களை வேனில் அழைத்து வந்திருந்தார்கள். ஆளுக்கு ஒரு ஜெர்சி, ஒரு ஜூஸ். இது உங்க டீம், உங்க பால்கனியிலிருந்தே பார்க்கலாம் என்று மைக்கில் சொன்னார்கள்.

நான் கார்னர் கொடிக்குப் பின்னால் நின்றேன். டில்லி கிளவுஸைக் கழற்றினான். குனிந்தான். அப்போதும் எனக்கு உறைக்கவில்லை. ஒற்றிக்கொண்டு நிமிர்ந்தவன் கையை வலது கண்ணிலிருந்து எடுக்கவில்லை. அப்போது உறைத்தது.

விசில் அடித்துவிட்டார்கள். பாட்டில் தண்ணீரைக் கண்ணில் அடித்துக்கொண்டு, ஒற்றைக் கண்ணோடு நின்றான். முதல் கோல் அவன் வலது பக்கம் போனது. அவன் அசையவே இல்லை. பார்க்காத பந்துக்கு எப்படி அசைவான்.

மேனேஜரிடம் ஓடினேன். சுண்ணாம்பு கண்ணில் போயிருக்கிறது, அவனை வெளியே எடுங்கள் என்றேன்.

“தூசிய்யா அது. ரெண்டாவது கீப்பர் வர்ல இன்னிக்கி. ஹாஃப் டைம் வரைக்கும் நிக்கட்டும்.”

பன்னிரண்டு நிமிஷம் நான் சும்மா நின்றேன். ஸ்கோர் போர்டில் கடிகாரம் ஓடியது, அதனால் தெரியும். ரெண்டாவது கோலும் விழுந்தது. டில்லி கம்பத்தில் நெற்றியை வைத்து நின்றுகொண்டிருந்தான். பந்து இந்தப் பக்கம்தான் வந்துகொண்டிருந்தது. அவன் அதைப் பார்க்கவில்லை.

புல்லுக்குத் தண்ணீர் விடுகிற ஹோஸ் பைப்பைத் திறந்து இழுத்துக்கொண்டு கோல் போஸ்டுக்குள் போனேன். ஆட்டம் நடந்துகொண்டிருந்தது. ரெஃபரி விசில் அடித்துக்கொண்டே ஓடி வந்தார். ஜெர்சி போட்ட கூட்டத்தில் ஒருவர் சத்தமாகக் கேட்டார். “கிரவுண்டுக்குத் தண்ணி விட இதுதான் நேரமா?” எல்லாரும் சிரித்தார்கள்.

டில்லியின் தலையைப் பின்னால் சாய்த்து, இமையைப் பிரித்து, தண்ணீர் விட்டேன். ரெஃபரி கண்ணைப் பார்த்தார். வெளியே கூட்டிப்போகச் சொன்னார். லெஃப்ட் பேக் கிளவுஸ் போட்டு நின்றான். அன்று மொத்தம் ஆறு கோல் வாங்கினோம்.

5. தூசி

கண் ஆஸ்பத்திரியில் என்ன விழுந்தது என்று டாக்டரம்மா கேட்டார். மேனேஜர் முந்திக்கொண்டு தூசி என்றார்.

“தூசி இல்லம்மா. கட்டடத்துச் சுண்ணாம்பு. நான்தான் போட்டேன்.”

டாக்டரம்மா மேனேஜரை வெளியே போகச் சொன்னார். பாட்டில் பாட்டிலாக மருந்துத் தண்ணீர் விட்டுக் கழுவினார்கள். இடது கண் தப்பிவிடும் என்றார். வலது கண்ணுக்கு விழுந்த உடனே கழுவியிருக்க வேண்டும் என்றார். முதல் நிமிஷங்கள்தான் கணக்காம். பன்னிரண்டு நிமிஷம் நான் நின்றேன் என்று அவரிடம் சொல்லவில்லை. இங்கே எழுதுகிறேன்.

கட்டுப் போட்டுப் படுத்திருந்த டில்லியிடம் நடந்ததைச் சொன்னேன். மூட்டை, மக்கு, டிரம், மேனேஜரிடம் சொன்னது, எல்லாம். கேட்டுவிட்டு, என் குரல் வந்த பக்கம் முகத்தைத் திருப்பினான்.

“அவன்கிட்ட சொன்ன. என்கிட்ட ஏன் நைனா சொல்லல?”

 

மறுநாள் மேனேஜர் ஒரு வெள்ளைப் பேப்பர் நீட்டினார். கிரவுண்ட்ஸ்மேன் யாரையும் கேட்காமல் கலந்தார் என்று எழுதித் தரச் சொன்னார். நான் ஏழாவது வரை படித்தவன். எழுதத் தெரியும். மூட்டை கொடுத்தது மேனேஜர், வேண்டாம் என்று ஒரு முறை சொன்னேன், பிறகு கலந்து போட்டது நான் என்று எழுதினேன். கிழித்துப் போட்டார். என்னையும் நிறுத்தினார்.

பதினோராவது மேட்சோடு டீமை மூடினார்கள். ஏழு மாசம். ஒரு வெற்றி, ரெண்டு டிரா. ரசிகர்களுக்கு நன்றி என்று போனில் ஒரு படம் வந்தது. அதில் புல் பச்சையாக இருந்தது. நான் அடித்த பச்சை.

டில்லி சர்டிஃபிகேட் கேட்டுப் போனான். கண்ணில் தூசி விழுந்தது, கிளப்புக்குச் சம்பந்தமில்லை என்று எழுதிக் கொடுத்தால் அன்றே கையெழுத்துப் போடுவதாக மேனேஜர் சொன்னார்.

எழுதிக் கொடுத்துவிட்டு நேராக என் வீட்டுக்கு வந்தான். “குட்த்துட்டேன் நைனா. வேற இன்னா பண்ணச் சொல்ற?”

அதைத் தப்பு என்று சொல்ல எனக்கு வாய் இல்லை.

டிரையல்ஸில் கீப்பர்களில் முதலாவதாக வந்தான். இடது கண்ணை வைத்தே வந்தான். மெடிக்கலில் இடது கண்ணை மூடி எழுத்தைப் படிக்கச் சொன்னார்கள். எழுத்து எங்கே இருக்கிறது என்று கேட்டானாம். அதோடு முடிந்தது. அடுத்த மாசம் வயதும் தாண்டியது.

ஃபிளாட் எல்லாம் விற்றுவிட்டது. கிரவுண்டு இருந்த இடத்தில் ஐந்தாவது பிளாக் நிற்கிறது. மேனேஜரை ஒரு நாள் மாங்காடு கோயில் வாசலில் பார்த்தேன். நல்லா கீறியா என்று கேட்டார். பழசெல்லாம் ஆறிடுச்சா என்றார். நான் செருப்பை மாட்டிக்கொண்டு வந்துவிட்டேன். ஆறுவது பற்றி அவருக்கு என்ன தெரியும்.

6. கோடு போடுகிறவர்களுக்கு

இப்போது கொரட்டூர் பக்கம் ஒரு ஸ்கூல் கிரவுண்டில் இருக்கிறேன். புதிதாக இந்த வேலைக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்வது கொஞ்சம்தான்.

மேலே எழுத்து இல்லாத மூட்டையைப் பிரிக்காதே. மக்கு டெஸ்ட் போதாது. சில்லென்று இருப்பதை நம்பாதே. அட்ஜஸ்ட் என்று ஒருவர் சொன்னால், யாருடைய உடம்பில் அட்ஜஸ்ட் செய்யச் சொல்கிறார் என்று பார். அவருடைய உடம்பாக இருக்காது.

மேலே இருப்பவரிடம் ஒரு முறை சொல்லிவிட்டேன், என் வேலை முடிந்தது என்று நினைக்காதே. கோட்டில் விழுகிறவனிடம் போய்ச் சொல். அவனிடம் சொல்ல முடியவில்லை என்றால் கோடு போடாதே. வேலை போகும். போகட்டும். எனக்குக் கோடு போட்டும் வேலை போனது.

டில்லி பாடியில் டயர் கடையில் இருக்கிறான். ஞாயிற்றுக்கிழமை காலையில் எங்கள் கிரவுண்டில் ஆட வருவான். வலது பக்கம் பந்து வந்தால் தலையை முழுசாகத் திருப்பித்தான் பிடிக்கிறான். வழக்கத்தை விடவில்லை. கிளவுஸைக் கழற்றி, குனிந்து, கோல் லைனைத் தொட்டு ரெண்டு கண்ணிலும் ஒற்றிக்கொள்கிறான். இன்றைக்கு என்ன பவுடர் என்று என்னை ஒரு நாளும் கேட்டதில்லை.

அவன் வருவதற்கு முன்னால், கோடு போட்டு முடித்ததும், நான் குனிந்து அதே இடத்தைத் தொட்டு என் கண்ணில் ஒற்றிக்கொள்கிறேன். கால் மணி நேரம் நின்று பார்க்கிறேன். ஸ்கூலில் எல்லாரும் பெரியவருக்கு ரொம்ப பக்தி என்கிறார்கள்.

பக்தி இல்லை. செக்கிங்.