கடலில் சொல்லாத பெயர்

அத்தானை நினைத்தால் முதலில் கண்ணில் வருவது அவருடைய வலது கைதான். அக்காவைக் கட்டியவர், குச்சவெளியில் கடற்தொழில். ஒருநாள் வலையைக் கரையில் உதறியபோது, உள்ளே ஒரு கடற்பாம்பு சிக்கிக் கிடந்தது. அந்தக் கை அதை வாலில் பிடித்துத் தூக்கி, ஏறக்குறையக் கோபத்தோடு, அலைக்குள் வீசியது. "கெதியா விடோணும் பிள்ளை, மூச்சு முட்டிச் செத்துப்போகும்" என்றார். மீனைக் கூடை கூடையாய்ச் சாகடிக்கிற மனுசன் இதற்கு மூச்சு முட்டுமென்று பதைத்தது எனக்கு வேடிக்கையாக இருந்தது. அதைச் சொல்லி நெடுநாள் அவரைச் சீண்டியிருக்கிறேன்.

நான் திருகோணமலை நகரத்தில் உயிரியல் படிப்பிக்கிறேன். ஒவ்வொரு வருடமும் அந்தப் பாடம் வரும்: தரையில் வாழ்ந்த ஊர்வனவும் பறவைகளும் கடலோடு வாழப் பழகியது எப்படி. ஆமையின் கால் துடுப்பானது. பாம்பின் வால் இருபுறமும் தட்டையாகி அதுவும் துடுப்பானது. மூக்குத் துவாரத்துக்கு மூடி வந்தது. நுரையீரல் கிட்டத்தட்ட உடம்பின் நீளத்துக்கு நீண்டது. மிஞ்சிய உப்பை ஆமை கண்ணீராய் விடுகிறது, பாம்பு நாக்கின் கீழிருந்து விடுகிறது, கடற்காகம் அலகு நுனியில் சொட்டவிடுகிறது. அது சளியில்லை, உப்புநீர் என்றதும் பிள்ளைகள் முகத்தைச் சுளிப்பார்கள். இவ்வளவு மாறியும் இந்த மூன்றில் எதற்கும் செவுள் வரவில்லை. கடலிலேயே கிடந்தாலும் காற்றைத்தான் சுவாசிக்க வேண்டும். வலைக்குள் அகப்பட்டு மேலே வர முடியாவிட்டால் பாம்பும் மூழ்கித்தான் சாகும். அத்தான் இதற்கெல்லாம் விளக்கம் கேட்டதில்லை. "அதுகளும் எங்களை மாதிரிக் கரைச் சனந்தான். தொழிலுக்குக் கடலுக்குப் போனதுகள்" என்பார். பாடத்தின் முடிவில் இதை நானும் சொல்வதுண்டு, யாருடைய வாக்கு என்று சொல்லாமல்.

ஆனால் பாம்பின் பெயரை அவர் கடலில் சொல்லமாட்டார். அங்கே யாருமே சொல்லமாட்டார்கள். கயிறு என்பார்கள். பேரைச் சொன்னால் கடலில் நிற்பவர் கரை திரும்பமாட்டார் என்பது நம்பிக்கை. ஊர் வள்ளங்களில் ஒன்றாவது கடலில் நின்றால், கரையில் இருப்பவர்களுக்கும் கயிறுதான். அக்காவோ கல்யாணம் கட்டிய நாளிலிருந்து எந்த நேரத்திலும் அந்தப் பெயரைச் சொன்னதில்லை. என் புத்தகத்தில் படத்தைக் காட்டினாலும் கயிறு என்பா. "அக்கா, உன்ரை கயித்துக்கு நுரையீரல் இருக்கு" என்று நான் சொல்ல, அகப்பையோடு அடிக்க வருவா.

ஒருநாள் காலை கடலில் வலை இழுத்தபோது ஒன்று சிக்கியிருந்தது. வழக்கம்போல அத்தான் அதை விடுவிக்கப் போனார். இந்த முறை பெருவிரலடியில் கடித்துவிட்டது. கடற்பாம்புக் கடி நோகாது, வீங்காது. முள்ளுக் குத்தினதுபோல இரண்டு பொட்டு இரத்தம், அவ்வளவுதான். அவர் அதை ஒரு பொருட்டாகவே எடுக்கவில்லை. கரைக்கு வந்ததும் அவருடைய தம்பிதான் மனம் கேளாமல் பக்கத்துச் சின்ன ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனார். என்ன நடந்தது என்று அங்கே கேட்டார்கள். மற்ற வள்ளங்கள் இன்னும் கரை சேரவில்லை.

"அண்ணைக்குக் கையிலை கயிறு பட்டிட்டுது" என்றார் தம்பி.

அவர் உள்ளதைத்தான் சொன்னார். கேட்டவர் கடலில்லாத மாவட்டமொன்றிலிருந்து புதிதாக வேலைக்கு வந்தவர்; கயிறு என்றால் அவருக்குக் கயிறுதான். கையில் உராய்வுக் காயம். கழுவி, மருந்து கட்டி, புண்ணுக்கு வழக்கமாகப் போடுகிற ஏற்பு ஊசியும் போட்டு அனுப்பிவிட்டார்கள். யாரில் குற்றம் சொல்ல? அத்தானும் பக்கத்தில் நின்று ஓம் ஓமென்று தலையாட்டியிருக்கிறார்.

வீட்டில் அக்கா தேத்தண்ணி கொடுத்தா. வாயைத் திறக்க அவருக்கு ஏலவில்லை. தாடை இறுகிவிட்டது, கழுத்துத் திரும்பவில்லை, கண் இமைகள் தாமாகச் சரிந்தன. "நித்திரை வருது" என்றாராம். கையிலிருந்த மருந்துக்கட்டைப் பார்த்து என்ன காயமென்று அக்கா கேட்க, கயிறு பட்டதென்று அதே பதில் வந்தது. அக்காவுக்கு மட்டும் அது சரியாக விளங்கியது. வாடகை வான் ஒன்றைப் பிடித்து, கரையோர வீதியால் நகரத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்கு வந்து சேர்ந்தபோது நான் வாசலில் நின்றேன். அத்தானுக்கு அறிவு தெளிவாக இருந்தது. மூச்சுத்தான் மேலோடு ஓடியது. என்ன கடித்தது என்று டொக்டர் கேட்டார். நான் வாய் திறக்குமுன் அக்கா சத்தமாகச் சொன்னா: "பாம்பு. கடல் பாம்பு." அத்தான் சரிந்த இமைகளுக்குள்ளால் அவவைப் பார்த்தார். அந்தப் பார்வையில் பயம் இருந்தது. தன் உயிருக்கான பயமென்று நான் நினைத்தேன்.

மெசினில் மூச்சுக் கொடுத்தார்கள். அது அவரைக் கொஞ்சம் தாங்கியது. சிறுநீரகம் தாங்கவில்லை. காலையிலேயே வந்திருந்தால் என்று டொக்டர் தொடங்கி, அக்காவின் முகத்தைக் கண்டு நிறுத்திக்கொண்டார். அந்தக் கிழமை முடியுமுன் அத்தான் போய்விட்டார்.

செத்த வீட்டுக்குள் தம்பி வரவில்லை. வேலிக்கு வெளியே வெயிலில் நின்றார். அக்கா எழும்பிப் போனா. "மச்சாள், நான் சொன்ன கதையாலைதான்…" என்று அவர் விம்ம, "எல்லாரும் சொல்லுற கதையைத்தானே சொன்னனி. உள்ளை வா தம்பி" என்று கையைப் பிடித்துக் கூட்டிவந்தா. எனக்கு அந்தப் பெருந்தன்மை வரவில்லை. அவர்மேல் அல்ல, அந்தச் சொல்லின்மேல் எனக்குப் பொல்லாத ஆத்திரம். இப்போது அந்தப் பாடத்தின் முடிவில் பிள்ளைகளிடம் அடித்துச் சொல்கிறேன்: கடலில் எப்படி வேண்டுமானாலும் சொல்லுங்கள், ஆஸ்பத்திரியில் பாம்பு என்று சொல்லுங்கள்.

இந்த வருடமும் பாடம் முடிந்த கையோடு குச்சவெளிக்குப் போனேன். தம்பி கடலுக்குப் போயிருந்தார். அக்கா குசினியில் மீன் வெட்டிக்கொண்டிருந்தா. எதைப் பற்றியோ கதைக்கும்போது பாம்பைக் கயிறு என்றா. எனக்குப் பொறுக்கவில்லை. "அந்தப் பேரை அண்டைக்குச் சொல்லியிருந்தால் அத்தான் இண்டைக்கு இருந்திருப்பார். நீ இன்னும் கயிறு எண்டுறாய்!" என்று கத்திவிட்டேன்.

அக்கா கத்தியை வைத்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தா.

"அந்தப் பேரைச் சொல்லாமல் இருந்ததாலைதான் அவர் இவ்வளவு காலமும் ஒவ்வொரு நாளும் என்னட்டைத் திரும்பி வந்தவர் எண்டு நான் நினைச்சுக்கொண்டிருக்கிறன். நீ அதையும் என்னட்டையிருந்து எடுத்துப்போடாதை."