வண்டி யார் பேரில் இருக்கிறது

அந்த அக்கா வாசலுக்கு ஓடிவந்த விதம்தான் முதலில் நினைவுக்கு வரும். கையெல்லாம் அரிசி மாவு. முகம் முழுக்கச் சிரிப்பு. என்னைப் பார்த்த பிறகும் அந்தச் சிரிப்பு உடனே மறையவில்லை. என் தோளைத் தாண்டி, வண்டியில் காலியாக இருந்த பின் சீட்டைத் தாண்டி, தெருமுனைவரை போய்த் தேடிவிட்டுத்தான் அடங்கியது.

அப்போதுதான் செங்கம் ரோட்டில் ஒரு விடுதியின் ரிசப்ஷனில் வேலைக்குச் சேர்ந்திருந்தேன். தினமும் ஷேர் ஆட்டோவுக்கு நின்று அலுத்துப்போய், பழைய ஸ்கூட்டர் ஒன்று வாங்கலாமென்று பார்த்தேன். விற்க வந்தவருக்கு டவுனில் பாத்திரக் கடை. வண்டி நன்றாகவே ஓடியது. சைலன்சர் மட்டும் ஒட்டுப்போட்டது; வேகத்தைக் குறைத்தால் யாரோ தொண்டையைச் செருமுவதுபோல ஒரு சத்தம் வரும். ஆர்.சி.யில் வேறு பெயர் இருந்தது.

"அண்ணன் பேருங்க. அவரு வெளியூர்ல இருக்காரு. கையெழுத்தெல்லாம் நான் வாங்கிக் குடுத்துடறேன்" என்றார்.

எங்கள் மேனேஜர் கேட்டுவிட்டு மறுப்பாகத் தலையாட்டினார். "பேர் யாருதோ அவங்க வீட்டுக்குப் போய்ப் பாருங்கம்மா. பாக்காம அட்வான்ஸ்கூட குடுத்துடாதீங்க."

ஓட்டிப் பார்க்கிறேன் என்று சாவியை வாங்கிக்கொண்டு, ஆர்.சி.யில் இருந்த முகவரியைத் தேடி அடி அண்ணாமலை கிராமத்துக்கே போய்விட்டேன். வழி கேட்க வேகத்தைக் குறைத்தபோதுதான் அந்த அக்கா ஓடிவந்தார்.

"அவரு எங்க?"

வண்டியை வாங்க விசாரித்து வந்திருப்பதாகச் சொன்னேன். அது அவர் காதில் விழுந்ததாகவே தெரியவில்லை. மாவுக் கையோடு ஹேண்டிலைப் பிடித்துக்கொண்டார். பிறகு கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னார். கணவர் பெயின்டர். ஒரு நாள் காலை வேலைக்குக் கிளம்பியவர் வீடு திரும்பவில்லை. வண்டி மட்டும் பஸ் ஸ்டாண்டுக்கு வெளியே பூட்டி நின்றிருக்கிறது; போலீஸ் எடுத்துப்போயிருக்கிறார்கள்.

"சண்டைகிண்டை ஒண்ணுமில்லம்மா. சாப்பாட்டு டப்பாகூட எடுத்துக்கினுதான் போனாரு."

வண்டி இன்னும் போலீஸ் ஸ்டேஷனில்தான் நிற்கிறது என்று கொழுந்தனாரான அந்தப் பாத்திரக் கடைக்காரர் அவரிடம் சொல்லிவைத்திருந்தார். நான் போன் செய்ததும் அவரே வந்துவிட்டார்.

"அண்ணி, நான் தேடாத ஊரா? வர்றப்ப வரட்டும். அதுவரைக்கும் இது சும்மா நின்னு துருப்புடிக்கணுமா? உங்களுக்கு ஓட்டக்கூடத் தெரியாது" என்றார். சொல்லும்போதே அவர் குரலும் உடைந்தது.

"அவரு வந்து வண்டி எங்கன்னு கேட்டா, நான் இன்னா சொல்றது?" என்றார் அக்கா.

சாவியை அக்காவின் கையில் கொடுத்துவிட்டு, ரோட்டுக்கு நடந்து வந்து ஆட்டோ ஏறினேன்.

பிறகு வேறு வண்டி வாங்கினேன். விற்றவர் வீட்டுக்கே போய், ஆர்.சி.யில் இருந்த பெயருக்கு உரியவரை எதிரில் உட்காரவைத்துப் பேசி, காபி குடித்துவிட்டுத்தான் வாங்கினேன். ஆனாலும் யாரோ ஒருவருடைய இடத்தில் உட்கார்ந்து ஓட்டுகிற உணர்வு முதல் சில மாதங்கள் போகவேயில்லை.

போன வாரம் ஒரு மத்தியானம், விடுதி வாசலில் அந்தச் செருமல் கேட்டது. அக்காவின் கணவர் வந்துவிட்டார் என்றே நினைத்து, கையிலிருந்த வேலையை அப்படியே போட்டுவிட்டு கேட்டுக்கு ஓடினேன். வண்டியில் அந்த அக்கா இருந்தார். முன்னைவிட இளைத்திருந்தார்.

"ஓட்டக் கத்துக்கினீங்களாக்கா?"

"கத்துக்கினேன். மெக்கானிக்கு சைலன்சர மாத்திடலாம்னாரு, வேணான்னுட்டேன். இந்தச் சத்தம்தான அவருக்குத் தெரியும்? எங்கனா உக்காந்துகினு இருந்தாருன்னா திரும்பிப் பாப்பாரு இல்ல?"

சொல்லிவிட்டுக் கிளம்பினார். எதிர்ச் சுவரோரம் காவி வேட்டி கட்டிய சாமியார்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். அவர்களை நெருங்கியதும் வேகத்தைக் குறைத்தார். சத்தம் கேட்டு அத்தனை பேரும் நிமிர்ந்து பார்த்தார்கள். அக்கா ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டே போனார்.