கழுத்தில் எழுதிய காவி

என் எழுத்து கோணலாக இருக்கும், பிழையும் இருக்கும். ஐந்தாவதோடு படிப்பை நிறுத்தியவன். படிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள். வாயால் சொல்ல வராததால்தான் எழுதுகிறேன்.

அரியலூர்ப் பக்கம் ஓர் ஏரிக்கரையை ஒட்டி எங்கள் வீடு. ஏரியில் மடை திறப்பதும் அடைப்பதும் என் வேலை. மூன்று வருடத்துக்கு முன்பு, மழை விட்ட ஒரு சாயங்காலம், வாசல் டியூப் லைட்டடியில் என் மனைவி வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். அவள் கழுத்தில் எறும்பு போல ஒன்று ஊர்ந்தது. கட்டைவிரலால் அழுத்தித் தேய்த்துவிட்டேன். இரண்டு பேரும் அதை அப்போதே மறந்துவிட்டோம்.

இரண்டாம் நாள் காலையில் அந்த இடம் கோடு போட்டது போலச் சிவந்து, கொப்புளம் கட்டியிருந்தது. அக்கி என்று நினைத்து, பானை செய்யும் பெரியவரிடம் கூட்டிப்போனேன். அவர் காவியைக் குழைத்து அவள் கழுத்தில் சிங்கம் வரைந்தார்.

"சிங்கமா, பூனையாங்க?" என்று அவள் கேட்டாள்.

"எதுவா இருந்தா என்ன தாயி, அக்கி ஓடணும். மூணு நாளு எழுதணும். நடுவுல வுட்டா பலிக்காது. வெளியூரு போவக் கூடாது."

அன்று மத்தியானமே வேப்பந்தட்டையிலிருந்து போன் வந்தது. அவள் அம்மா படுத்துவிட்டார்கள், மகளைக் கேட்கிறார்கள் என்று.

"ஒரு எட்டு பாத்துட்டு வந்துடறேங்க. கடைசி பஸ்ஸுக்குத் திரும்பிடுவேன்."

"நாளன்னிக்கிப் போலாம். படுத்துருக்கவங்களுக்கு அக்கி ஒட்டிக்கிட்டா?"

எடுத்த பையை அவள் திரும்ப ஆணியில் மாட்டினாள். மறுநாள் இரண்டாம் முறை எழுதிக்கொண்டு வீடு திரும்பினோம். சாவுச் செய்தி வந்தது. கழுத்தில் காய்ந்த காவியோடு அம்மாவின் கால்மாட்டில் உட்கார்ந்து அழுதாள். என்னை ஒரு சொல் சொல்லவில்லை.

போன மழைக்காலத்தில், ஏரியில் பூச்சிகளைப் பார்த்துக் குறித்துக்கொள்ள ஒருவர் வந்தார். கரையோர ஈரமண்ணில் ஒன்றைக் காட்டினார். எறும்பைவிடக் கொஞ்சம் நீளம். தலை கருப்பு, நெஞ்சு ஆரஞ்சு. நடுவில் மினுங்கும் கருநீலத்தில் குட்டையான இறக்கை மூடி. வயிறும் ஆரஞ்சுதான், நுனி மட்டும் கருப்பு. துரும்பால் தொட்டதும் வாலைத் தூக்கியது. நான் கட்டைவிரலை நீட்டினேன்.

"நசுக்கிடாதீங்கண்ணே! இதுவும் வண்டு சாதிதான். கடிக்காது, கொட்டாது. நசுக்குனா உள்ள இருக்கற தண்ணி பட்டு, ஒரு நாளு ரெண்டு நாளு கழிச்சுத் தோலு வெந்துபோவும். நெறய பேரு அக்கின்னு நெனச்சுக்குவாங்க. மழை வுட்டா லைட்டு வெளிச்சத்துக்கு வரும். மேல ஏறுனா ஊதி வுட்டாலே போயிடும். வயலுக்கு நல்லதுதான், நெல்ல அழிக்கற புகையான் பூச்சியத் தின்னும்."

"அந்தப் புண்ணு அடுத்தவங்களுக்கு ஒட்டுமாங்க?"

"பூச்சி பட்ட புண்ணு எப்படிண்ணே ஒட்டும்?"

அதன் பிறகு மழை விட்டால் வாசல் லைட்டை அணைத்துவிடுகிறேன். அவள் மேல் ஏதாவது ஏறினால் ஊதிவிடுகிறேன்.

"எறும்புக்கு இம்புட்டு மரியாதையா?" என்று சிரிக்கிறாள். அப்போதாவது சொல்லியிருக்கலாம்.

இன்று மாமியாருக்குத் திதி. ஏரிக்குத் தண்ணீர் வருவதால் மடையை விட்டு நான் போக முடியவில்லை. அவள் மட்டும் வேப்பந்தட்டைக்குப் போயிருக்கிறாள். கழுத்தில் அதைத் தேய்த்தவன் நான். போக விடாமல் நிறுத்தியவனும் நான். அவளுக்கு என்னைவிட நன்றாகப் படிக்க வரும். வந்ததும் உலை வைக்க அரிசி எடுப்பாள். இந்தத் தாளை அரிசிப் பானையின் மூடி மேல் வைக்கிறேன்.

கார்த்திகை 12, வெள்ளிக்கிழமை.