விழுந்தால் ஊதுகிற மனுஷன்

என் புருஷன் கங்காதரன் சர்க்கஸில் டிரம்பெட் ஊதியவர். செத்துப் பல வருஷமாகிறது. செத்தவரைப் பற்றி நல்லதாகத்தான் பேச வேண்டுமாம். எனக்கு அந்தப் பழக்கம் கிடையாது. உயிரோடு இருந்தபோது மூஞ்சிக்கு நேராகச் சொன்னதைத்தான் இப்போதும் சொல்கிறேன்.

எங்கள் குப்பம் மாமல்லபுரத்துக்கு வடக்கே, கடலை ஒட்டி இருக்கிறது. அங்கே பிறந்த ஆம்பிளைகள் எல்லாரும் கட்டுமரம் ஏறினார்கள். இவர் ஏறினால் வாந்திதான் வந்தது. அதனால் செங்கல்பட்டில் ஒரு கல்யாண பேண்டு செட்டில் சேர்ந்து ஊதக் கற்றுக்கொண்டார். அங்கே இவர் ஊதியதைக் கேட்டு ஒரு சர்க்கஸ்காரன் கூட்டிக்கொண்டு போனான். அப்புறம் கட்டாக், நாக்பூர், விஜயவாடா என்று ஊர் ஊராகச் சுற்றினார். வருஷத்தில் இரண்டு தடவை, இருபது இருபது நாள் வீட்டுக்கு வருவார். ஒரு வருஷத்துச் சண்டையை அந்த நாற்பது நாளில் போட்டு முடிப்போம்.

வீட்டுக்கு வந்தாலும் அவர் சர்க்கஸில்தான் இருந்தார். காலை ஒன்பது மணி வரை தூக்கம். பகல் ஒரு மணி, நாலு மணி, ஏழு மணி ஆட்ட நேரம். அந்த நேரம் வந்தால் தட்டில் சோறு இருந்தாலும் எழுந்துவிடுவார். தலை வாரி, பவுடர் பூசி, லுங்கிக்கு மேலே பித்தளைப் பொத்தான் வைத்த சிவப்புக் கோட்டை மாட்டிக்கொண்டு வாசலில் நிற்பார். நாலு நாள் ஊதாமல் விட்டால் உதடு தளர்ந்துவிடும் என்று தினமும் சவுக்குத் தோப்புக்குப் போய் ஊதுவார். தோப்புக்கு ஒதுங்கப் போன பொம்பளைகள் என்னிடம் சண்டைக்கு வந்தார்கள். "உன் புருசன் ஊதற ஊதுல வந்தது கூட உள்ளார போயிடுது, சாந்தா" என்றார்கள். நியாயமான பேச்சுதான்.

இதெல்லாம் பரவாயில்லை. பொறுக்க முடியாத பழக்கம் வேறொன்று இருந்தது. ஒருநாள் அவரே அதை எனக்கு விளக்கினார்.

"மேல பார்ல தொங்கறவ வுழுந்துட்டான்னு வெச்சுக்க. ஜனம் ஐயோன்னு வாயத் தொறக்கறதுக்குள்ள நாங்க ஊதணும். குஷியா, வேகமா. பபூனுங்க ஓடியாருவானுங்க. வுழுந்தவ எழுந்து கையத் தூக்கி சலாம் போடணும். அப்பதான் நிறுத்துவோம்."

"அவ எழுந்துக்கலன்னா?"

"ஊதிக்கினே இருக்கணும்."

பத்தொன்பது வருஷம் இப்படி ஊதியவருக்கு, எது விழுந்தாலும் கை தானாக டிரம்பெட்டுக்குப் போனது. என் கையிலிருந்து குழம்புச் சட்டி நழுவினால் ஊதுவார். ஒரு மழை நாளில் வாசலில் நானே வழுக்கி விழுந்தேன். தூக்கிவிட வரவில்லை. உள்ளே ஓடி டிரம்பெட்டை எடுத்து வந்து ஊதினார். சேற்றில் உட்கார்ந்தபடி நான் சலாம் போட்ட பிறகுதான் நிறுத்தினார். அப்புறம் அவர் மேல் விழுந்த துடைப்பத்துக்கு மட்டும் ஊதவில்லை.

எழுபத்து நாலாம் வருஷம் அவர் வந்திருந்தபோது, என் தங்கை வச்சலாவைப் பெண் பார்க்க வருவதாகச் சொல்லியனுப்பினார்கள். எங்களுக்கு அப்பா அம்மா இல்லை. அவளைக் கரையேற்றுவது என் தலையில் இருந்தது. இருபத்தைந்து வயதாகியும் அவள் நின்றுகொண்டிருந்ததற்குக் காரணம் அவள் சிரிப்பு. முதலில் வந்த மாப்பிள்ளையின் சித்தப்பா தும்மினார், சிரித்தாள். இரண்டாவது வந்தவன் தன் பேரைச் சொன்னான், அதற்கே சிரித்தாள். மூன்றாவது கூட்டத்துக்கு எதற்குச் சிரித்தாள் என்று அவளுக்கே தெரியாது. "பெரியவங்க எதிர்ல பல்லக் காட்டற பொண்ணு எங்க வூட்டுக்கு ஆவாது" என்று மூன்று கூட்டமும் போய்விட்டது. இதுவும் போனால் இனி ஒருத்தரும் வர மாட்டார்கள்.

இந்த மாப்பிள்ளை பூவராகவன், சதுரங்கப்பட்டினத்துக்காரன். சொந்தக் கட்டுமரம், குடி கிடையாது. ஆனால் அம்மாக்காரி ஆதியம்மாள் செங்கல்பட்டு மார்க்கெட்டில் மீன் விற்கிறவள். அவள் வாய்க்குப் பயந்து பஸ் கண்டக்டரே எழுந்து இடம் கொடுப்பான்.

அவர்கள் வருகிற அன்று காலையிலேயே வச்சலாவிடம் சொல்லிவிட்டேன்.

"சிரிப்பு வந்தா நாக்கக் கடிச்சிக்க. ரத்தம் வந்தாலும் வுடாத."

அடுத்தது என் புருஷன். "யோவ், இன்னிக்கு நீ ஊதக் கூடாது."

"மரியாதைக்கு ஒரே ஒரு பாட்டு..."

"ஊதுனா அந்தக் கொழாய இஸ்துகினு போயி கடல்ல போட்டுருவேன்."

சொன்னதோடு நிற்கவில்லை. டிரம்பெட்டைப் பெட்டியில் வைத்துப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டேன்.

வந்தார்கள். டீக்கடையில் கேட்டு வாங்கி வந்த மடக்கு நாற்காலியில் ஆதியம்மாளை உட்கார வைத்தேன். பெரிய உடம்பு. நாற்காலி ஒருதரம் முனகியது. மற்றவர்கள் பாயில் உட்கார்ந்தார்கள். வச்சலா தட்டில் கலர் சோடா ஊற்றிய கிளாஸ்களோடு வந்தாள். நாக்கைக் கடித்த கடியில் கண்ணில் தண்ணீர் நின்றது.

ஆதியம்மாள் அவளை உற்றுப் பார்த்தாள். "இன்னாமே, பொண்ணுக்குப் பல்லு வலியா?"

"இல்ல அத்தே. அடக்கம்" என்றேன்.

"சரி, சரி" என்று பின்னால் சாய்ந்து உட்கார்ந்தாள். நாற்காலி மடங்கிக்கொண்டது. ஆதியம்மாள் மல்லாக்க விழுந்தாள். இரண்டு காலும் மேலே போனது.

யாரும் ஐயோ என்று வாயைத் திறப்பதற்குள், எனக்குப் பின்னாலிருந்து ஒரு வாத்து கத்தியது.

இடுப்பைத் தடவினேன். சாவி இருந்தது. ஆனால் டிரம்பெட்டின் முனையில் வாய் வைத்து ஊதுகிற பித்தளைத் துண்டு, மவுத்பீஸ், எப்போதும் அவர் சட்டைப் பையில் கிடக்கும் என்பதை மறந்துவிட்டேன். அதை மட்டும் ஊதினால் கழுத்தைப் பிடித்த வாத்து மாதிரி சத்தம் வரும். அந்த வாத்துச் சத்தத்திலேயே, யானை சைக்கிள் ஓட்டும்போது வாசிக்கிற பாட்டை வேகமாக எடுத்துவிட்டார். கண் மூடியிருந்தது, கன்னம் இரண்டும் பன் மாதிரி உப்பியிருந்தது, கால் தரையை உதைத்தது. கூட்டம் முழுக்க வாயைப் பிளந்து அவரையே பார்த்தது.

"நிறுத்துய்யா!" என்று கத்தினேன். எப்படி நிறுத்துவார்? விழுந்தவள் இன்னும் சலாம் போடவில்லையே.

ஆதியம்மாள் தானே எழுந்தாள். புடவையை உதறிக் கட்டினாள். நேராக அவர் முன்னால் போய், அறைவதற்குக் கையை ஓங்கினாள். அந்த நேரம் பார்த்து அவர் கண்ணைத் திறந்தார். கை மேலே இருந்தது. அவருக்கு அது போதும். நீளமாக ஒரு பீப் கொடுத்து முடித்தார். விறைப்பாக நின்று அவளைப் பார்த்துக் கை தட்டினார்.

ஓங்கிய கை அந்தரத்தில் நின்றது. வச்சலா நாக்கை விட்டுவிட்டாள். தட்டோடு தரையில் உட்கார்ந்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு, தெருவில் போகிறவன் நின்று பார்க்கிற மாதிரி சிரித்தாள். மாப்பிள்ளை துண்டை வாயில் அடைத்துக்கொண்டிருந்தான். ஒருத்தரும் கலர் குடிக்கவில்லை. போய்விட்டார்கள்.

"வேணும்னு செய்யல, சாந்தா. கை தானா போச்சு" என்றார் என் புருஷன்.

"வாயும் தானா போச்சா?" என்று கேட்டேன். ஆறு நாள் அவருக்குச் சோறு போட்டேன், குழம்பு ஊற்றவில்லை. அந்த ஆறு நாளும் சதுரங்கப்பட்டினத்திலிருந்து ஒரு சேதியும் இல்லை. வச்சலாவும் சிரிக்கவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

ஏழாம் நாள் அவளுக்காக யார் காலில் வேண்டுமானாலும் விழுவதென்று பஸ் ஏறினேன். செங்கல்பட்டு மார்க்கெட்டில் ஆதியம்மாள் வஞ்சிரம் அறுத்துக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

"இன்னாமே, கடக்கரைல கீறவ செங்கல்பட்டுக்கு வந்து மீனு வாங்கறியா?"

"மன்னிச்சுக்க அத்தே" என்று ஆரம்பித்து, சர்க்கஸில் ஆள் விழுந்தால் ஊதுகிற முறையை, பார், பபூன், சலாம் வரை சொல்லி முடித்தேன்.

கத்தியைக் கீழே வைத்தாள். "அன்னிக்கு வுழுந்தப்ப என் பொடவ எங்க கெடந்துது, பாத்தியா?"

"இல்ல அத்தே."

"தொடைக்கு மேல. எதிர்ல அத்தினி ஆம்பள. ஒருத்தனாவது பாத்தானா?"

யோசித்துப் பார்த்தேன். "இல்ல. எல்லாரும் எங்க வூட்டுக்காரரப் பாத்துகினு இருந்தாங்க."

"போன வருசம் இதே எடத்துல வழுக்கி வுழுந்தேன். ஒரு மாசம் சொல்லிச் சொல்லிச் சிரிச்சானுங்க. இப்ப ஊரெல்லாம் உன் புருசன் ஊதுனதத்தான் பேசறாங்க. நான் வுழுந்ததே எவனுக்கும் ஞாபகம் இல்ல."

"உன் மானத்தக் காப்பாத்தத்தான் ஊதுனாரு அத்தே" என்று கூசாமல் சொன்னேன். கை தானாகப் போன கதையை அவள் சாகும்வரை சொல்லவில்லை.

"அப்ப வச்சலா?" என்று மெதுவாகக் கேட்டேன்.

"என் வூட்ல நான் வாயத் தொறந்தா எல்லாம் அழுவுதுங்க. ஒருத்தி சிரிச்சிட்டுப் போறா. என் புள்ள வேற அன்னிலேர்ந்து துன்னும்போதெல்லாம் தனியா சிரிச்சிகினு கீறான், பேஜாரா கீது." மறுபடி கத்தியை எடுத்தாள். "ஒண்ணு சொல்றேன் கேட்டுக்க. கல்யாணத்துல உன் புருசன் என் பின்னாலயே நிக்கணும். நான் கனத்த உடம்புக்காரி, எப்ப வுழுவேன்னு சொல்ல முடியாது. முழுக் கொழாயும் எடுத்தாரச் சொல்லு. அந்த வாத்து வேணாம்."

தை மாசம் கல்யாணம். என் புருஷன் விஜயவாடாவிலிருந்து மூன்று நாள் லீவில் வந்தார். சிவப்புக் கோட்டும் டிரம்பெட்டுமாகக் காலையிலிருந்து ஆதியம்மாளுக்குப் பின்னால் நின்றார். தாலி கட்டி, பந்தி முடிந்து, மத்தியானமும் ஆனது. ஒருத்தரும் விழவில்லை. பந்தலில் கிடந்த வாழைப்பழத் தோலைப் பார்த்தும் நான் எடுக்காமல் விட்டேன். பாவி ஜனம் அதையும் தாண்டித் தாண்டிப் போனது. சாயங்காலம் ரயில். அவர் முகம் தொங்கிவிட்டது.

ஆதியம்மாள் திரும்பி அவர் முகத்தைப் பார்த்தாள். எழுந்தாள். விழாமலே, கூட்டத்தைப் பார்த்துக் கையைத் தூக்கிப் பெரிய சலாமாகப் போட்டாள்.

எடுத்தார் பாருங்கள். குப்பத்து நாய்களெல்லாம் கடல் பக்கம் ஓடின. வச்சலா மாலையோடு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள்; மாப்பிள்ளையும் சிரித்தான். பாட்டு முடிந்து மறுபடி முதலிலிருந்து வந்தது, மறுபடியும் வந்தது. சலாம் முன்னாலேயே முடிந்துவிட்டதால் எங்கே நிறுத்துவதென்று அந்த மனுஷனுக்குத் தெரியவில்லை. கடைசியில் நான்தான் போய் வாயிலிருந்து பிடுங்கினேன்.