அட்வான்ஸ் கொடுத்துப் பிடித்த பிள்ளை

அன்று கல்லூரிக் கூட்ட அறையில் இருந்தவர்கள்: கல்லூரிச் செயலாளர், பிளேஸ்மென்ட் பிரிவில் புதிதாகச் சேர்ந்திருந்த மேடம், உரக்கடை அண்ணாச்சி, ஜவுளிக்கடை அண்ணாச்சி, பூ மார்க்கெட்டில் கமிஷன் கடை வைத்திருக்கும் நான். எங்கள் மூன்று கடைகளிலும் அந்தக் கல்லூரிப் பிள்ளைகள் ஒரு மாத இன்டர்ன்ஷிப் முடித்திருந்தார்கள்.

நான் எட்டாவதோடு படிப்பை விட்டவள். கல்லூரி வாசலிலேயே கவலை தொடங்கிவிட்டது. செருப்பைக் கழற்ற வேண்டுமோ? உட்காரச் சொல்லும் முன்னால் உட்காரலாமோ? கையில் பிச்சிப்பூ வாசம் வேறு.

எல்லாவற்றையும் விட மேடத்தை நினைத்துத்தான் கவலை அதிகம். ராயகிரியிலிருந்து பஸ் ஏறி வரும் பெண். வெயிலில் கடைகடையாக ஏறி இறங்கி, பிள்ளைகளுக்கு இடம் பிடித்தவள். சென்னைக் கம்பெனிகளை விட்டுவிட்டு உரக்கடைக்கும் பூக்கடைக்கும் அனுப்புவதாவது என்று செயலாளருக்கு மனத்தாங்கல். கடைக்காரர்கள் திருப்தியாகச் சொன்னால் அவளுக்கு வேலை நிரந்தரம். இல்லையென்றால் அந்த மாதத்தோடு சரி. வாசலில் பார்த்தபோது இதைச் சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். சொல்லி முடிப்பதற்குள் இரண்டு முறை மணி பார்த்தாள்.

செயலாளர் உரக்கடை அண்ணாச்சியிடம் தொடங்கினார். "பையன் எப்படி?"

"ஏதோ, பரவாயில்ல."

எழுதிக்கொண்டார். அடுத்து ஜவுளிக்கடை அண்ணாச்சி.

"சுமாருதான்."

அதையும் எழுதிக்கொண்டார். மேடத்தின் முகம் தொங்கிப்போயிற்று.

எனக்குப் பகீரென்றது. முந்தின நாள்தான் டீக்கடையில் உரக்கடை அண்ணாச்சி, "அந்தப் பய போனதுலேருந்து கட வெறிச்சுன்னு கெடக்கு" என்று புலம்பியிருந்தார். ஆனால் எங்கள் கடைவீதியில், வாங்க நினைக்கிற சரக்கை யாரும் வாய்விட்டுப் புகழ மாட்டோம். குருவிகுளத்து மல்லிகையை முகர்ந்து பார்த்துச் சொக்கிப்போனாலும், விவசாயியிடம் நான் உதட்டைத்தான் பிதுக்குவேன். இது செயலாளருக்கு எப்படித் தெரியும்?

என் முறை வந்தது. வீட்டில் சொல்லிப் பார்த்த வார்த்தையெல்லாம் மறந்து, பழக்கத்தில் "சுமாரா..." என்று வாய் ஆரம்பித்துவிட்டது. நாக்கைக் கடித்துக்கொண்டேன். வேறு வழி தெரியவில்லை. பர்ஸைத் திறந்து ஐந்நூறு ரூபாய் நோட்டு ஒன்றை மேஜையில் வைத்தேன்.

"எங்கடையில கணக்கு எழுதுன பிள்ள அடுத்த வருசமும் எனக்குத்தான். இது அட்வான்ஸ்."

"என்னம்மா இது?" என்றார் செயலாளர்.

உரக்கடை அண்ணாச்சி துள்ளி எழுந்தார். "ஏ தங்கச்சி, எங்கடைப் பயலோட அந்தக் கணக்குப் பிள்ளையையும் நான்லா நெனச்சி வச்சிருக்கேன்! நான் ஆயிரம் வைக்கேன்!"

"ஏன் வே, இப்பதான பரவாயில்லன்னீரு?" என்றார் ஜவுளிக்கடை அண்ணாச்சி.

"நீரு மட்டும் என்னத்தச் சொல்லிக் கிழிச்சீரு? நல்லாருக்குன்னா வெல ஏறிரும்லா!"

"அப்ப எனக்கு ரெண்டு பேரு வேணும். எழுதிக்கோங்க சார்."

"இது ஏலம் இல்லைய்யா!" என்று செயலாளர் கத்தினார். கத்திய வேகத்தில் அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. எழுதியிருந்ததை அடித்துவிட்டு, 'திருப்தி' என்று எழுதினார். மேடம் சிரித்தபடியே கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

அந்த வாரமே அவளுக்கு நிரந்தர உத்தரவு வந்தது. கல்லூரியில் நடந்த பெரிய கூட்டத்தில் அவளுக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். நான் சம்பங்கி மாலை கட்டிக் கொண்டுபோனேன்; வாடிவிடுமோ என்று வழியெல்லாம் தண்ணீர் தெளித்தே முக்கால்வாசி நனைந்துபோனேன்.

மாலையைக் கழற்றிய கையோடு கேட்டாள்: "அக்கா, பிள்ளைக்கு மாசம் ரெண்டாயிரம் குடுத்திருவீகளா?"

"சுமாரான பிள்ளைக்கு அவ்வளவா?"

"அப்ப உரக்கடைக்கு அனுப்பிருதேன்."

கடைவீதிப் பேச்சை அதற்குள் படித்துக்கொண்டாள். சரி என்று தலையாட்டிவிட்டேன். பிள்ளை இன்னும் வந்து சேரவில்லை. உரக்கடைக்காரர் நடுவில் புகுந்துவிடுவாரோ என்று தினமும் ஒரு கவலை. மேடத்திடம் இருக்கும் அட்வான்ஸ் போக, முதல் மாதத்துக்கு நான் தர வேண்டிய பாக்கி, ஆயிரத்து ஐந்நூறு ரூபாய்.