ஜன்னலுக்குள் போன சூடுமானி

"நீ எப்ப இறக்கினே?" என்று டெலியோ கேட்டான்.

"நீ சொன்னவுடனே, குயா" என்றாள் ஜெம்மா. அண்ணனை அவள் குயா என்றுதான் கூப்பிடுவாள்.

"நான் எப்ப சொன்னேன்?"

"இருநூத்தி அஞ்சுன்னு ஜன்னல்லேந்து கத்தினியே, அப்ப."

"நான் கத்தினதுக்கும் நீ மூடியத் திறந்ததுக்கும் நடுவுல என்ன பண்ணினே?"

"கையுறை போட்டுக்கிட்டேன்."

"கையுறை போட எவ்ளோ நேரம் ஆகும்?"

"வெறுங்கையால திறந்திருந்தா, கையை எதுக்கு வேக வச்சேன்னு கேட்டிருப்பே."

அவன் வறுத்த காபிக் கொட்டை ஒன்றை எடுத்து இரண்டு விரலால் நசுக்கினான். அது பொடிந்து விரலில் கரியாக ஒட்டியது. "இதைக் கொண்டுபோய்க் கொடுத்தா காபிக்கடை ஆம்பாரோ அம்மா பல்லுதான் விளக்குவாங்க" என்றாள் ஜெம்மா. அவன் சிரிக்கவில்லை.

"யாராவது வந்தாங்களா?"

"யாரும் வரல. பக்கத்து வீட்டு ஆலிங் பாசிங் வேலிக்கு அந்தப் பக்கம் துணி உலர்த்திட்டிருந்தாங்க."

"நாம வறுக்கற நேரம் பாத்து அவ வீட்டுல மட்டும் துணி நனையும்."

"அவங்க வேலிக்கு அந்தப் பக்கம்தான இருந்தாங்க?"

"நீ இந்தப் பக்கம் இருந்தே" என்றான் டெலியோ. அதோடு நிறுத்திக்கொண்டு உள்ளே போய்விட்டான்.

அவன் நிறுத்திக்கொண்ட இடத்துக்குப் பிறகு என்ன இருக்கிறது என்று ஜெம்மாவுக்குத் தெரியும். கூடப் பிறந்தவள் ஆயிற்றே.

டெலியோ மாகலிந்தால் பிலிப்பைன்ஸின் லிப்பா நகரத்தின் வெளிவட்டத்தில் வீடு வீடாகப் போய்த் தண்ணீர் மானி பார்க்கிறவன். மானியின் தலையில் காந்தத்தை வைத்து ஓட்டத்தை நிறுத்தியவர்கள், மானிக்கு மேல் கோழிக்கூட்டை வைத்துக் கோழி கொத்தும் என்று பயமுறுத்தியவர்கள், ஓடாத மானியைக் காட்டி நாங்கள் வீட்டில் குளிப்பதே இல்லை என்று மாதாமேல் சத்தியம் செய்தவர்கள் என்று எல்லோரையும் பார்த்தவன். மானி பொய் சொல்லாது, மனிதர்தான் சொல்வார்கள் என்பது அந்த வேலை அவனுக்குக் கொடுத்த முடிவு. அதை அவன் வீட்டுக்கும் கொண்டுவந்தான். அரிசிப் பானையில் அரிசியை மட்டமாகத் தட்டி, மேலே விரலால் ஒரு கோடு இழுத்துவிட்டுத்தான் வேலைக்குக் கிளம்புவான். அவனைக் கட்டியவள் ஒரு வருடம் அந்தக் கோட்டோடு குடித்தனம் நடத்திப் பார்த்துவிட்டு நசுக்புவுக்கு, தன் அம்மா வீட்டுக்கே போய்விட்டாள்.

அதன் பிறகுதான் பற்றவைப்புக் கோலும் ஈயமும் சாப்பாட்டு மேசைக்கு வந்தன. தொலைபேசியில் காணொளி பார்த்துப் பார்த்து அவனே கற்றுக்கொண்டான். தண்ணீர்த் தொட்டி நிறைந்தால் கூவும் ஒரு கருவி, வாசல் கதவருகே யார் வந்தாலும் அலறும் ஒரு மணி. மணி பெரும்பாலும் பூனைக்குத்தான் அலறியது. கடைசியாகச் செய்தது காபி வறுக்கும் உருளை. பழைய துணி துவைக்கும் இயந்திரத்தின் எஃகு உருளைக்கு அடியில் எரிவாயு அடுப்பு, சுற்ற ஒரு மோட்டார். முன்தகட்டில் துளை போட்டு அதன் வழியே ஒரு தெர்மோகப்பிள். இரண்டு வேறு உலோகக் கம்பிகளை நுனியில் சேர்த்துப் பற்றவைத்தது அது. நுனி சூடானால் கம்பிகளின் மறுமுனையில் துளி மின்னழுத்தம் பிறக்கும். நகத்தைவிடக் கொஞ்சம் பெரிய பலகை ஒன்று அதைக் கணக்குப் போட்டு டிகிரியாக்கிச் சிவப்பு எண்ணில் காட்டும்.

ஜெம்மா தோஹாவில் ஒரு வீட்டில் குழந்தைகளைப் பார்த்துக்கொள்கிறாள். விடுமுறைக்கு வந்தவள், அண்ணன் வறுத்த பாரக்கோ காபியைக் குடித்துவிட்டு, ஊருக்குள் காபிக்கடை வைத்திருக்கும் ஆம்பாரோ அம்மாளிடம் ஒரு பொட்டலம் கொண்டுபோய்க் கொடுத்தாள். அந்த அம்மாளுக்குப் பிடித்துவிட்டது. "இதே மாதிரி இன்னொரு தடவை வறுத்துக் கொண்டு வா. ரெண்டும் ஒண்ணா இருந்தா வாராவாரம் உங்ககிட்டயே எடுத்துக்கறேன்" என்றாள். அது நடந்தால் திரும்பிப் போக வேண்டாம் என்று அண்ணனும் தங்கையும் பேசிக்கொண்டார்கள். தோஹா வீட்டுக்காரி மாதக் கடைசிக்குள் பதில் கேட்டிருந்தாள்.

அந்த இன்னொரு தடவைதான் வாய்க்கவில்லை.

முதலில் எண்பலகை உருளையின் காலிலேயே கட்டியிருந்தது. ஆலிங் பாசிங்கின் மருமகனும் சந்தையில் பாரக்கோ வறுத்து விற்கிறவன். கிழவி வேலி வழியாக எண்ணைப் பார்த்து அவனுக்குச் சொல்கிறாள் என்று டெலியோவுக்குத் தோன்றியது. தோன்றிய அன்றே பலகையைக் கழற்றித் தன் படுக்கையறை ஜன்னலுக்குள் வைத்து அறையைப் பூட்டினான். கம்பி அவ்வளவு தூரம் எட்டவில்லை. வாசல் மணிக்கு வாங்கியதில் மிச்சமிருந்த ஒயரைச் சேர்த்து முறுக்கி, கறுப்பு நாடா சுற்றி, அந்த முடிச்சை அடுப்புக்குப் பக்கத்தில் இரும்புக் காலோடு கட்டினான். அன்று முதல் அவன் உள்ளே நின்று எண்ணைக் கத்துவான், அவள் வெளியே தீயைப் பார்ப்பாள். அன்று முதல் கொட்டையும் கருகியது.

முதலில் மணிலாவில், கியாப்போ பக்கம் தெர்மோகப்பிளை விற்ற கடைக்காரன் மேல் சந்தேகப்பட்டான். ஐஸ் தூளில் நுனியைச் செருகினான். பூஜ்யம். கொதிக்கும் கெண்டியில் விட்டான். தொண்ணூற்றொன்பது. கடைக்காரன் தப்பித்தான். அடுத்து இருவரும் இடம் மாறிப் பார்த்தார்கள். அவன் தீயருகே நின்றான், அவள் ஜன்னலில் நின்றாள். அப்போதும் கரி.

"நீ நம்பர மாத்திச் சொல்லியிருக்கே" என்றான்.

"எனக்கு அதுல என்ன கிடைக்கப்போவுது?"

"சும்மா போறேன்னு சொன்னா ஊர் பேசும். காபி சரியா வரல, அதான் போறேன்னு சொன்னா யாரும் பேச மாட்டாங்க."

"குயா."

"தோஹாவுக்குப் போணும்னா போ. காபியக் கருக்கிட்டுத்தான் போணுமா?"

ஜெம்மா அன்று சாப்பிடவில்லை. அவன் சொன்னது பொய். ஆனால் தோஹா வீட்டில் தனக்கென்று இருந்த சின்ன அறையையும், அங்கே அரிசியில் யாரும் கோடு போடாததையும் இந்த ஒரு வாரமாக அவள் நினைக்காமல் இல்லை. அதை எப்படி மோப்பம் பிடித்தான் என்றுதான் அவளுக்குப் பயமாக இருந்தது. அதற்குப் பிறகு அவளும் அவனைக் கவனிக்க ஆரம்பித்தாள். ஒருவேளை இவனே கருக்குகிறானோ, தங்கை தன்னோடேயே இருந்துவிடுவாளோ என்று இவனுக்குத்தான் உதறலோ என்றுகூட நினைத்தாள். ஒரே வீட்டில் இரண்டு மானிக்காரர்கள் ஆகிவிட்டார்கள்.

ஆம்பாரோ அம்மாள் சனிக்கிழமை வரைதான் காத்திருப்பதாகச் சொல்லி அனுப்பினாள். வெள்ளிக்கிழமை காலை மிச்சமிருந்த நல்ல கொட்டையைக் கொட்டினார்கள். டெலியோ ஜன்னலுக்குள், ஜெம்மா வெளியே. பேச்சு எண்ணோடு சரி.

"நூத்தி அறுபது" என்றான். பிறகு, "நூத்தி அறுபத்தி எட்டு."

அப்போதே உருளைக்குள் கொட்டை வெடிக்க ஆரம்பித்துவிட்டது, இறக்கும் பதம் நெருங்கும்போது கேட்கிற சத்தம். "சத்தம் கேக்குது" என்றாள்.

"சத்தத்த நம்பாத. நம்பர் வரல."

நாடா உருகும் நாற்றம் வந்தது. அடுப்பின் சூட்டில் அந்த முடிச்சு இளகிக்கொண்டிருந்தது. தீப்பிடித்துவிடப் போகிறதென்று ஜெம்மா ஈரத்துணியை எடுத்து முடிச்சின் மேல் அழுத்தினாள்.

"யாரு தொட்டது?" என்று ஜன்னலிலிருந்து குரல் வந்தது. "நூத்தி எழுபது காட்டினது இருநூறைத் தாண்டுது."

"நான்தான் தொட்டேன்."

"எதை?"

"நீ போட்ட முடிச்ச. ஈரத்துணி வச்சேன்."

"அப்ப நீதான்."

"ஆமா, நான்தான். இறங்கி வந்து பாரு." சொல்லிக்கொண்டே மூடியைத் திறந்து அவன் உத்தரவு இல்லாமலேயே கொட்டையை இறக்கிவிட்டாள்.

அவன் வந்தான். தட்டில் பரவிக் கிடந்த கொட்டையைப் பார்த்தான். கரியில்லை, நல்ல பழுப்பு. அதைப் பற்றி ஒன்றும் சொல்லாமல் துணியை எடுக்கச் சொன்னான். உள்ளே ஓடிப் போய்ப் பார்த்தான். எண் இறங்கியது. மறுபடி வைக்கச் சொன்னான், ஏறியது. பிறகு தானே துணியைப் பிடித்துக்கொண்டு அவளை உள்ளே போய்ப் படிக்கச் சொன்னான். அவள் சொன்னதை நம்பாமல் தொலைபேசியில் படம் எடுத்துக் காட்டச் சொன்னான். நுனி இருந்த இடத்திலேயே இருக்க, முடிச்சு குளிர்ந்தால் எண் ஏறுவதும் சூடானால் இறங்குவதுமாக இருந்தது.

இரும்புக் காலைப் பிடித்துக்கொண்டு குந்தி, முடிச்சின் நாடாவைப் பிரித்துப் பார்த்தான். "ஜோடிக் கம்பி இங்கயே முடிஞ்சுபோச்சு" என்றான். "இதுக்கு மேல ரெண்டும் வெறும் செம்பு. இந்த முடிச்சும் என் ரூம் மாதிரி குளுகுளுன்னு இருக்குன்னு பலகை நினைச்சுக்கிட்டுக் கணக்குப் போட்டிருக்கு. முடிச்சுல எவ்ளோ சூடு ஏறுச்சோ அவ்ளோ குறைச்சுக் காட்டியிருக்கு. ஐஸ்ல வச்சப்ப அடுப்பு எரியல, அதான் மாட்டல."

"அப்ப யாரு பண்ணினது?"

"ஒயரு."

"ஒயர யாரு போட்டா?"

அவன் எழுந்தான். வாசல் மணி ஒயரைப் பிடுங்கி எறிந்துவிட்டு, பலகையைக் கொண்டுவந்து பழையபடி உருளையின் காலில் கட்டினான். தெரிந்ததைச் சரிபார்க்க, கழித்துப் போட்டிருந்த கொட்டையில் இன்னொரு சின்னப் படி வறுத்தார்கள். எண்ணை மறைத்து ஒரு துண்டைத் தொங்கவிட்டான். துண்டு காற்றில் விலகியது. "இருநூத்தி நாலு, டெலியோ. இறக்குப்பா, கருகிடப் போவுது" என்று வேலிக்கு அப்பாலிருந்து ஆலிங் பாசிங் சொன்னாள். ஜெம்மா வாயைப் பொத்திக்கொண்டாள். அவன் பல்லைக் கடித்துக்கொண்டு இறக்கினான்.

சனிக்கிழமை ஆம்பாரோ அம்மாள் இரண்டு கோப்பை குடித்தாள். அடுத்த வாரத்திலிருந்து கொண்டுவரச் சொன்னாள்.

திரும்பும் வழியில் லோமி சாப்பிட உட்கார்ந்தார்கள். கெட்டிக் குழம்பில் நூடுல்ஸ் ஆவி பறந்தது. டெலியோ கரண்டியால் கிளறிக்கொண்டே இருந்தான்.

"இப்ப காபி சரியா வந்துருச்சு" என்றான்.

"வந்துருச்சு."

"போறதுக்குக் காரணம்னு இனி ஒண்ணும் கிடையாது."

"இல்லதான்."

"தோஹாக்காரம்மாவுக்கு எப்ப போன் பண்ணுவே?"

"நாளைக்கு."

"என்ன சொல்லப்போறே?"

"தெரியல குயா. நிஜமாத்தான் தெரியல."

அவன் தலையை ஆட்டினான். நம்பினானா இல்லையா என்று அவளால் சொல்ல முடியவில்லை. கரண்டியைக் கீழே வைத்தான்.

"என் எதிர நின்னு பேசறியா?"

"அந்தம்மாவுக்கு அரபிதான் தெரியும். நான் பேசறது உனக்கு ஒரு வார்த்த புரியாது."

"புரிய வேணாம். உன் மூஞ்சியப் பாத்துக்கிட்டு நிக்கறேன். போறேன்னு சொன்னாலும் சரி, இருக்கேன்னு சொன்னாலும் சரி, உள்ள போய்க் கதவ சாத்திக்காத ஜெம்மா. என் எதிர நின்னு பேசு."