கண் வைக்காத படம்

காலி மை டப்பா ஒன்றில் மணலைக் கொட்டி, அதில் மூங்கில் குச்சியை நட்டு, குச்சியின் தலையில் என் போனை ரப்பர் பேண்டால் குப்புறக் கட்டினேன். அதுதான் நான் செய்த முதல் ஸ்டாண்டு. கடையில் விற்பதையும் பிறகு வாங்கிப் பார்த்தேன். எதுவும் அதுபோல ஆடாமல் நிற்கவில்லை. போனுக்குக் கீழே வெள்ளைத் தாள். ஒரு கை தூரிகையோடு வந்தது. சற்று நேரத்தில் ஒரு பெண்ணின் கன்னம் தெரிந்தது.

நான் படித்தது நாலாம் வகுப்பு. லேபிள் ஒட்டும் வேலையில் தொடங்கி, சிவகாசியில் சொந்தமாக அச்சகம் வைத்தேன். யாரும் கை கொடுத்துத் தூக்கிவிடவில்லை. வயது அறுபதைத் தாண்டியபின் சின்னச் சின்ன வீடியோ எடுத்துப் போடவும் நானாகவே கற்றுக்கொண்டேன். வெடிப் பெட்டிகளில் சிரிக்கும் பெண்முகங்களை எங்களுக்கு வரைந்து கொடுத்தவருக்காகத்தான் அது. டிராயிங் அம்மா என்றே எல்லோரும் அவரைச் சொல்வோம். பட்டாசுக் கம்பெனிகள் கம்ப்யூட்டர் படத்துக்கு மாறியபோது, இந்தக் கையைக் காட்டினால் வெளியூர்க்காரர்கள் சுவரில் மாட்ட வாங்குவார்கள் என்று கணக்குப் போட்டேன். என் கணக்கு தப்பவில்லை.

"கைய மட்டும் எடுங்க அண்ணாச்சி, என் மூஞ்சிய எடுத்துறாதீக" என்பார். நெற்றி, மூக்கு, சிரிப்பு எல்லாம் முடிந்து கண்ணைக் கடைசியில்தான் வைப்பார். வைத்ததும் தாளில் இருப்பவள் நம்மைப் பார்ப்பாள்.

"யாரைப் பாத்தும்மா வரையுறீக?"

"யாரையும் இல்ல அண்ணாச்சி. கை போற போக்குல வருது."

ஒரு வீடியோவின் கீழே பக்கத்து ஊரான விஸ்வநத்தத்துக்காரர் ஒருவர் எழுதியிருந்தார்: 'இது எங்க அக்கா. வெடி விபத்துல போய்ட்டா.' யாரோ விளையாடுகிறான் என்று நினைத்தேன். அடுத்த வாரம் வேறொரு முகத்துக்குக் கீழே, 'இது என் சம்சாரம். இவளும் வெடி விபத்துலதான் போனா' என்று இன்னொருவர். அவர் போட்டோவோடு அச்சகத்துக்கே வந்துவிட்டார். அதே உடைந்த பல், உதட்டுக்குக் கீழே அதே மச்சம். டிராயிங் அம்மா போட்டோவை வெகுநேரம் பார்த்தார். "இந்தப் பிள்ளைய நான் கண்டதே இல்ல" என்று சொல்லிவிட்டுக் கை கழுவப் போனார். நான் வியாபாரி. உள்ளுக்குள் பயம் இருந்தாலும் பார்ப்பவர்கள் கூடுகிறார்களே என்று வீடியோவை நிறுத்தவில்லை.

அதற்கடுத்த படம் புருவத்தில் வெட்டுத் தழும்புள்ள ஒரு சின்னப் பெண். கண் வைக்குமுன்பே பாதி வீடியோவைப் போட்டு, 'கண் நாளைக்கு' என்று எழுதினேன். ஆட்களைத் திரும்ப வரவைக்க அது என் தந்திரம். மறுநாள் காலையில் ஒரு தாய் எழுதியிருந்தார்: 'இது என் மக. உசுரோடதான் இருக்கா. இப்பத்தான் கம்பெனி வேன்ல ஏறிப் போனா.'

படித்துக் காட்டினேன். கண் வைக்கக் கறுப்பில் தோய்த்த தூரிகையை டிராயிங் அம்மா அப்படியே தண்ணீரில் போட்டார்.

"காரை எடுங்க அண்ணாச்சி."

அந்தத் தாயிடம் நம்பர் வாங்கி, கம்பெனி எதுவென்று கேட்டுக்கொண்டு போனோம். என்னைத் தெரியாத போர்மேன் இந்தப் பக்கம் கிடையாது; உடனே அந்தப் பெண்ணைக் கூப்பிட்டுவிட்டார். வெடிமருந்துத் தூள் படிந்த கையோடு அவள் வந்தாள். புருவத்தில் அதே வெட்டு. விஷயத்தைக் கேட்டுச் சிரித்தாள்.

"சீசன் நேரத்துல ஒரு படத்துக்குப் பயந்து வெளிய கூப்பிடுதீகளே! மூஞ்சி நல்லா வந்திருக்கா, அதச் சொல்லுங்க."

"இங்கன வேணாம் தாயி, என் பிரஸ்ல வேலை தாரேன்."

"பயத்துல குடுக்கிற வேலை அண்ணாச்சி. பயம் தெளிஞ்சா வேலையையும் பிடுங்கிருவீக."

எனக்கு அப்படிப் பதில் சொன்னவர் அதுவரை யாருமில்லை. அவள் உள்ளே போய்விட்டாள். அன்று ஒன்றும் நடக்கவில்லை.

திரும்பும் வழியில் டிராயிங் அம்மா சொன்னார்: "நான் கண்ணு வைக்கல அண்ணாச்சி. வேற யாரையும் வைக்க விடாதீக." அடுத்த பொங்கலுக்கு முன் காய்ச்சலில் போய்விட்டார். படம் என் அறையில் இருக்கிறது. பெங்களூர்க்காரர் ஒருவர் கண்ணோடு முடித்துத் தரச் சொல்லி, கேட்ட விலையைக் கொடுக்க வந்தார். ஒரு ஆர்டரையும் விட்டதில்லை என்று ஊரெல்லாம் பெருமை பேசுகிறவன் நான். அதை விட்டேன். பாதி வீடியோவை மட்டும் அழிக்கவில்லை. காரணம், அதன் கீழே அந்தத் தாய் தினமும் சாயங்காலம் ஒரே ஒரு வார்த்தை எழுதுகிறார்: 'வந்துட்டா.' அதைப் பார்த்த பிறகுதான் நான் அச்சகத்தைப் பூட்டுவேன்.

இன்று மதியம் யாரோ ஒருவர் என் வீடியோவை எடுத்து, கம்ப்யூட்டரில் கண் வைத்துப் போட்டிருக்கிறார். நன்றாகத்தான் இருக்கிறது. அவள் நேராக என்னைப் பார்க்கிறாள்.

தெருவில் கம்பெனி வேன்கள் திரும்பிக்கொண்டிருக்கின்றன. அந்தத் தாயின் நம்பர் என்னிடம் இருக்கிறது. கூப்பிட விரல் வரவில்லை. மிஷினை நிறுத்தச் சொல்லிவிட்டுப் போனையே பார்த்துக்கொண்டிருக்கிறேன். அந்தத் தாய் இன்னும் எழுதவில்லை.